நீலியின் காலில் தைத்த முள்

யானைகளுக்கும் அரண்மனையில் பதவி இருந்த காலம் அது, கேளுங்கள். ஆலங்கோட்டு அரசனுக்கு நீலி என்றொரு பட்டத்து யானை இருந்தாள். அவளுடைய பாகன் பெயர் சேந்தன்.

அந்த நாட்டில் ஒரு சட்டம். பட்டத்து யானையின் உடம்பில் அரண்மனை வைத்தியரைத் தவிர வேறு யாரும் கத்தி வைக்கக் கூடாது. வைத்தால், வைத்த கை போகும்.

ஒருநாள் காட்டிலிருந்து நீலி நொண்டிக்கொண்டே திரும்பினாள். சேந்தன் காலைத் தூக்கிப் பார்த்தான். பாதத்துக்குள் கருவேல முள் முறிந்து கிடந்தது. கீறித்தான் எடுக்க வேண்டும். உடனே வைத்தியர் கூத்தபிரானிடம் ஓடினான். அவர் வீடு யானைக் கொட்டிலிலிருந்து நூறடி தூரம்தான்.

கால் நாழிகை வேலை, கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றார் வைத்தியர். கத்திகள் பளபளத்தன. அவர் வரவில்லை.

எட்டு நாள் கழித்து சேந்தன் மறுபடி போனான். தேய்பிறையில் கீறினால் புண் ஆறாது, வளர்பிறை வரட்டும் என்றார். வளர்பிறை வந்தது, முழு நிலவானது, மறுபடி தேயவும் தொடங்கியது. அதற்குள் வைத்தியர் மூலிகைத் தோட்டத்தில் களை எடுத்தார். மருந்துக் குடுவைகளைத் துடைத்து அடுக்கினார். எல்லா வேலையும் நடந்தது, அந்த ஒரு வேலையைத் தவிர.

சேந்தன் மூன்றாம் முறை போனபோது நீலியின் கால் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. அவள் தழையைத் தொடவில்லை.

"சுவடியை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுத் தொடுவதுதான் முறை. பட்டத்து யானை அல்லவா? உனக்கென்ன அவசரம், தம்பி?" என்றார் வைத்தியர்.

"அவசரம் எனக்கில்லை, ஐயா. மூன்று காலில் நிற்கிறாளே, அவளைக் கேளுங்கள்" என்றான் சேந்தன்.

மறுநாள் காலை நீலி சுவரில் சாய்ந்து நின்றாள். முன்னங்கால்கள் மடிந்துகொண்டிருந்தன. இந்த நிலையில் படுத்த யானை எழுந்திருக்காது. சேந்தன் தன் வலக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு தழை வெட்டும் கத்தியை நெருப்பில் காய்ச்சிக் கீறினான். சீழோடு முள் வெளியே வந்தது. கால் நாழிகைகூட ஆகவில்லை.

செய்தி வைத்தியர் காதுக்கு எட்டியது. அன்று அவருக்குச் சாணை தேவைப்படவில்லை. பிறை தேவைப்படவில்லை. சுவடியும் தேவைப்படவில்லை. மேல்துண்டைக்கூட எடுக்காமல் சபைக்கு ஓடி, சட்டத்தை மீறிவிட்டான் என்று முறையிட்டார்.

அரசன் சேந்தனை வரவழைத்தான். சேந்தன் கையை நீட்டினான்.

"வெட்டுங்கள், அரசே. ஆனால் ஒன்று கேட்கிறேன். முள்ளைப் பற்றிச் சொல்ல மூன்று முறை போனேன். நாற்பது நாளாக நூறடி நடந்து இவர் வரவில்லை. என்னைப் பற்றிச் சொல்ல எவ்வளவு நேரத்தில் வந்தார்?"

வைத்தியர் முணுமுணுத்தார்: "நான் மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லையே, அரசே."

"சொல்லியிருந்தால் அன்றே வேறு வைத்தியரைத் தேடியிருப்போம். வரவும் இல்லை, வழியும் விடவில்லை" என்றான் அரசன்.

அந்த இடத்திலேயே சட்டம் நீக்கப்பட்டது. வைத்தியரின் பதவி போயிற்று. சேந்தனின் கை தப்பியது.

நீலியின் கால்தான் தப்பவில்லை. புண் ஆறியது, பாதம் கோணியது கோணியதுதான். பட்டம் வேறொரு யானைக்குப் போனது. அவள் காலை இழுத்து இழுத்து ஆற்றுக்கு நடக்கும்போதெல்லாம் சேந்தனுக்கு வைத்தியர் மேல் கோபம் மூளும். கடைசிவரை அந்தக் கோபம் அவனுக்குத் தணியவே இல்லை. தணிய வேண்டிய கோபமும் அல்ல அது.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள்: வேலையைத் தள்ளிப்போடுகிறவன் வலியைத் தள்ளிப்போடுவதில்லை, அதை இன்னொருவர் மேல் சுமத்துகிறான்.