சுரைக்குடுக்கைக்கு இடுப்பு வந்த கதை

மாடு மனிதனைக் குறை சொல்லவும், கொடி பதிலுக்குப் பதில் பேசவும் வாய் படைத்திருந்த அந்தக் காலத்தில், சுரைக்காய்க்கு இடுப்பு கிடையாது. பூசணியைப் போல உருண்டையாக இருக்கும். அதன் பூவும் காலையிலேயே விரிந்துவிடும். பந்தல் நிறைய வெள்ளை வெள்ளையாக முகத்தைக் காட்டிக்கொண்டு, தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் வம்புக்கு இழுக்கும்.

கடற்கரை ஓரமாக உப்பு வண்டிக்காரர்கள் குடியிருந்தார்கள். வெயில் காலத்தில் உப்பை ஏற்றிக்கொண்டு மேற்கே போய், நெல்லாக மாற்றிக்கொண்டு திரும்புவார்கள். வழியில் கல்லாங்காடு என்று ஒரு மேட்டு நிலம். கிணறு கிடையாது, ஊற்று கிடையாது, ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. வண்டியில் கொண்டுபோகும் தண்ணீர்தான் மனிதனுக்கும் மாட்டுக்கும் உயிர்.

அதை மண்பானையில் கொண்டுபோவார்கள். வண்டியோட்டி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், பலகையில் வட்டமாகத் துளை வெட்டி, பானையின் அடிப்பாகம் அதில் இறங்கி உட்காரும்படி செய்திருப்பார்கள். பானைக்குழி என்று அதற்குப் பெயர். எந்தப் பானை என்றால், கட்டிக்கொண்டு வந்த பெண் தாய்வீட்டிலிருந்து இடுப்பில் சுமந்து வந்த பானை. அவள் வந்து சேர்ந்த பிறகு, அந்தப் பானையை வைத்துப் பார்த்துத்தான் மாப்பிள்ளை குழியை வெட்டுவான். இன்னொரு வீட்டுப் பானையை வெளி ஆண்பிள்ளை தொடக்கூடாது. அதன் குழியில் கைவைத்து அளப்பதென்றால், அந்த வீட்டுப் பெண்ணின் சீரை எடைபோடுகிறான் என்று பேச்சு வந்துவிடும். அப்படி ஒரு வழக்கம்.

அங்கே வேம்பன் என்று ஒருவன். உழைப்பாளி. ஆனால் யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அதை மறக்கமாட்டான். மாடு அசைபோடுகிற மாதிரி, ஆறு மாதம் கழித்தும் எடுத்து மென்றுகொண்டிருப்பான். அவன் பெண்டாட்டி நாச்சி கொண்டுவந்த பானை கொஞ்சம் சிறியது. அவன் குழி வெட்டுகிற அன்றைக்கு, நாச்சியின் அண்ணன் கோலப்பன் ஊர் கூடி நிற்கிற இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, பானை வைக்கக் குழி வெட்டினியா, இல்ல எலிப் பொந்துக்கு வாசல் வெச்சியா?" என்று கேட்டுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நாச்சிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பானையைக் கொடுத்ததே கோலப்பன் வீடுதான். கொடுத்தவனே கேலி பேசுகிறானே என்று வேம்பன் அன்றைக்கு மனதில் முடிந்துவைத்துக்கொண்டது, அவிழவே இல்லை. வண்டிகள் வரிசையாகப் போகும்போது மச்சான் வண்டிக்குப் பக்கத்தில் தன் வண்டியை விடமாட்டான். கோலப்பன் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் கை நனைக்காமல் வந்துவிடுவான்.

கல்லாங்காட்டுத் தடத்தில் ஒரு பானையாவது உடையாத வருடம் கிடையாது. ஒரு மழைக்காலம், வண்டிகள் எல்லாம் வேலையில்லாமல் நின்றபோது, வேம்பன் தன் வண்டியைச் சுரைப்பந்தலுக்குக் கீழே தள்ளி நிறுத்தியிருந்தான். ஒரு பிஞ்சு சரியாகக் குழிக்கு மேலே தொங்கியது. அதைப் பார்த்தவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏ சுரை, மண்பானை உடையுது. உன் காய் முத்திக் காஞ்சா உடையாதுல்ல?"

"விழுந்தாலும் உடையாது. உன் மச்சான் தலையில போட்டுப் பாரேன், எது உடையுதுன்னு தெரியும்" என்றது சுரை. வேம்பனை எப்படிச் சிரிக்கவைப்பது என்று அதற்குத் தெரியும்.

"இந்தக் குழிக்குள்ளேயே இறங்கி வளரு. குழிக்குத் தக்கபடி உக்காந்துக்கோ."

சுரை அப்படியே வளர்ந்தது. முற்றிக் காய்ந்ததும் வேம்பன் காம்பை அறுத்து, விதையைக் குலுக்கி எடுத்து, கசப்புப் போகத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, மரக்கட்டையில் மூடி சீவிச் செருகினான். குழியில் வைத்தால் அசையவில்லை. அந்த வெயில் காலம் கல்லாங்காட்டில் இரண்டு பேருடைய பானை உடைந்தது. வேம்பனின் குடுக்கையில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஊரே வந்து பார்த்தது. சுடலை என்ற வண்டிக்காரர் குடுக்கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "வேம்பா, எனக்கும் ஒண்ணு வளத்துக் குடுப்பா" என்றார். ஆளாளுக்குக் கேட்டார்கள். கடைசியில் கோலப்பனும் வந்தான். "மாப்பிள்ளை, எனக்கும் ஒண்ணு சொல்லி வையி."

அந்த ஒரு சொல்லில் வேம்பனுக்கு வயிறு குளிர்ந்தது. "பாக்கலாம்" என்றான்.

அடுத்த மழைக்கு விதை போட்டதும் சுரை மறுபடி முளைத்து வந்து, போன வருடம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தது.

"என்ன அளவுக்குக் காய்க்கணும் அண்ணே?"

"போன தடவை மாதிரியே."

"எல்லா வண்டிக்குமா?"

"வண்டின்னா வண்டிதான். நீ காயி."

பக்கத்தில் கட்டியிருந்த மயிலைக்காளை அசைபோடுவதை நிறுத்தியது. "மத்தவங்க குழியைப் பாத்தியா வேம்பா?"

"அடுத்தவன் வீட்டுப் பானைக்குழியை நான் எப்படி அளப்பேன்? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கேட்டா அவங்களே அளந்து சொல்லிட்டுப் போறாங்க. உன் மச்சானைக் கேக்கக்கூடாதா?"

"அவன்கிட்ட குழிப் பேச்சு நான் எடுக்கவா? எடுத்தா, மறுபடி எலிப் பொந்துன்னு ஆரம்பிப்பான். பேசாம வைக்கோலைத் தின்னு."

மயிலை வைக்கோலுக்குக் குனிந்தது. பந்தலில் இருந்த சுரைக்கு உண்மை தெரியும். தினமும் தெருவில் போகிற வண்டிகளை மேலே இருந்து பார்க்கிறதே! ஒரு குழி மாதிரி இன்னொரு குழி இல்லை என்று அதற்குத் தெரியும். ஆனால் ஊர் முழுக்கத் தன் காயைத் தேடி வருகிற சமயத்தில் அதைச் சொல்லிப் பெருமையைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஒரே அளவாக, உருண்டை உருண்டையாகக் காய்த்துத் தள்ளியது.

புறப்படுகிற அன்று காலையில்தான் வேம்பன் குடுக்கைகளைக் கொடுத்தான். "பானையை வீட்டிலேயே வெச்சுட்டு வாங்க. இனிமே அந்தப் பாரம் எதுக்கு?" என்றான். கொடுக்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சுடலை வண்டியில் குழி பெரிது. குடுக்கை மூடிவரை இறங்கி, விழவா வேண்டாமா என்று நின்றது. இன்னொருவர் வண்டியில் குழி சின்னது. குடுக்கை மேலேயே கோழிமுட்டை மாதிரி உட்கார்ந்தது.

"கொஞ்சம் வைக்கோல் திணிச்சுக்கோங்க, சரியாயிடும்" என்றான் வேம்பன். அப்போதாவது 'தப்பு நடந்துபோச்சு, பானையை எடுத்துட்டு வாங்க' என்று சொல்லியிருக்கலாம். எதிரே கோலப்பன் நின்றுகொண்டிருந்தான். வேம்பன் வாயைத் திறக்கவில்லை.

கல்லாங்காட்டில் ஏறுகிறவரை ஒன்றும் ஆகவில்லை. ஏறிய பிறகு, வண்டி நின்ற இடத்தில் எல்லாம் அவிழ்த்துவிட்ட மாடுகள் குழியில் திணித்திருந்த வைக்கோலை எட்டி இழுத்துத் தின்றன. மாட்டைக் குற்றம் சொல்ல முடியுமா? சின்னக் குழியில் இருந்த குடுக்கைகள் முதல் பள்ளத்திலேயே சாய்ந்து, மூடி தெறித்து, தண்ணீரைக் கொட்டின. கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தார்கள். உருண்டையில் கயிறு எங்கே நிற்கும்? இழுக்க இழுக்க வழுக்கிக்கொண்டு வந்தது. சுடலையின் குடுக்கை குழி வழியாக நேரே கீழே இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் போய் நொறுங்கியது. சுடலை குதித்து ஓடிப்போய்ப் பார்த்தார். கல்லுக்கு நடுவே கொஞ்சம் ஈரம் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் காய்ந்தது.

வேம்பன் வண்டியில் மட்டும் குடுக்கை அசையாமல் இருந்தது. அதைப் பார்க்க அவனுக்கே பிடிக்கவில்லை. மூடியைத் திறந்து முறை வைத்து எல்லாருக்கும் ஊற்றினான். உச்சிப் பொழுதுக்குள் அதுவும் தீர்ந்தது.

சுடலையின் செவலைக்காளை நடந்துகொண்டே முன்னங்காலை மடக்கியது. நுகத்தை அவிழ்த்துவிட்டார்கள். எழவில்லை. வேம்பன் போய் அதன் தலைமாட்டில் உட்கார்ந்தான். அது திட்டும் என்று எதிர்பார்த்தான்.

"வேம்பண்ணே, உன் குடுக்கையில ஒரு குறையும் இல்ல" என்றது செவலை. நாக்கு வறண்டு பேச்சு குழறியது. "எங்க வண்டிக் குழிதான் சரியில்லாமப் போச்சு போல. நீ மனசுல வெச்சுக்காதே."

மனதில் வைத்துக்கொள்ளுவதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவனிடம் அது அப்படிச் சொன்னது. சொல்லிவிட்டுக் கண்ணை மூடியது.

அப்போது கோலப்பன் தன் வண்டியில் ஏறி, உப்பு மூட்டைகளை நகர்த்தினான். உள்ளே, வைக்கோலைச் சுற்றி, வாயைத் துணியால் கட்டி, அவன் வீட்டுப் பானை இருந்தது. பெரிய பானை. நிறையத் தண்ணீர். முதலில் செவலையின் வாயில் ஊற்றினான். தண்ணீர் கடைவாய் வழியே வெளியே வந்துவிட்டது. பிறகு எல்லாருக்கும் கொடுத்தான். கடைசியாக வேம்பனின் மயிலைக்கு ஒரு கை அதிகமாகவே ஊற்றினான்.

"குடி மாப்பிள்ளை."

"வேண்டாம்."

"வீம்பு பண்ணாத. குடி."

வேம்பன் குடித்தான். அந்தப் பானையில் அவன் வாய் வைத்தது அதுதான் முதல் தடவை. "உங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

கோலப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தங்கச்சி வந்து சொல்லுச்சு. 'அண்ணே, உங்க மாப்பிள்ளை யாருடைய குழியையும் கேக்கலை. பானையையும் மறைச்சு எடுத்துட்டுப் போங்க. அவருக்குத் தெரிய வேண்டாம், முகம் வாடிடும்'னுச்சு. உன் குடுக்கை நிக்கட்டும், பானையை வெளியே எடுக்கவே வேணாம்னுதான் நானும் நினைச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குழியில கைய வெச்சுக் காட்டியிருப்பேனே, மாப்பிள்ளை."

"அடுத்தவங்க வீட்டுப் பானையை அளக்கிறது வழக்கமில்ல..."

"வழக்கத்து மேல போடாத" என்றான் கோலப்பன். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வேம்பன் அதையும் முடிந்துவைத்துக்கொண்டு நிமிர்ந்திருப்பான். முடிந்துவைக்க ஒன்றும் கிடைக்காததுதான் அவனை அழுத்தியது.

செவலையை அங்கேயே கல் அடுக்கி மூடினார்கள். வேம்பன் தன் ஜோடியில் ஒரு மாட்டைச் சுடலைக்கு அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, நுகத்தின் அந்தப் பக்கத்தைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு மயிலையோடு சேர்ந்து இழுத்தான். வழி நெடுக மயிலை அவனோடு பேசவில்லை.

ஊருக்கு வந்தும் வேம்பனுக்கு வீட்டுக்குள் போகக் கால் வரவில்லை. நாச்சி வாசலுக்கு வந்து பார்த்தாள். செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. "சோறு ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவன் சுரைப்பந்தலுக்குக் கீழே போய் உட்கார்ந்தான்.

பந்தலில் கடைசியாகப் பிடித்த பிஞ்சு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல வெயில். ஆனால் ஒரு பூகூட விரிந்திருக்கவில்லை. எல்லாம் கூம்பிக்கிடந்தன.

"ஏன் சுரை, பூக்கலை?"

"எந்த முகத்தோட பூக்குறது?" என்றது சுரை. "உனக்காவது தெரியாது. எனக்குத் தெரியும் அண்ணே. எல்லாக் குழியையும் இங்கேயிருந்து பாத்தேன். சொன்னா நீ காய் கேக்கமாட்டியேன்னு வாயை மூடிக்கிட்டேன். சுடலை வண்டி இந்தத் தெருவிலதான் போகும். செவலை இல்லாத அந்த வண்டியைப் பாத்துக்கிட்டு நான் பகல்ல சிரிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"எனக்கும் தெரியும்" என்றான் வேம்பன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னான். "காலையிலேயே தெரியும். மச்சான் நின்னான், அதனால சொல்லலை."

உப்பு வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து, மாட்டை அவிழ்க்கிற சத்தம் தெருவில் கேட்டது. வேம்பனின் கண்ணில் அந்த வழுக்கிய கயிறு வந்து வந்து போனது. குழிக்குத் தக்கபடி குடுக்கை என்று போனதால்தானே அளக்க வேண்டியிருந்தது? கயிறு நின்றிருந்தால் எந்தக் குழியும் வேண்டியதில்லை. எந்த வண்டியின் பக்கவாட்டில் நிற்கிற முளைக்குச்சியிலும் தொங்கியிருக்கும்.

தேடினான், கைக்குக் கயிறு அகப்படவில்லை. தன் இடுப்பில் கிடந்த அரைஞாணை அறுத்தான். ஆண்பிள்ளை அரைஞாண் இல்லாமல் இருப்பது கேவலம் என்பார்கள். அவனுக்கு அதற்கு மேலே ஒரு கேவலம் வர வழியில்லை. பிஞ்சின் நடுவில் அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

"வலிக்குது அண்ணே."

"பொறுத்துக்கோ."

"பொறுத்துக்கிறேன். கட்டு."

பிஞ்சு வளர்ந்தது. கட்டின இடம் மட்டும் பெருக்கவில்லை. கீழே பெரிய வயிறும், மேலே சின்னத் தலையும், நடுவில் ஒடுங்கிய இடுப்புமாக முற்றியது. காய்ந்ததும் வேம்பன் அந்த இடுப்பில் கயிறு போட்டு, அதைச் சுடலையின் வண்டி முளைக்குச்சியில் மாட்டிவிட்டு, அவர் வெளியே வருவதற்குள் திரும்பி நடந்துவிட்டான். அந்தக் காயின் விதையில் வந்தவை கட்டாமலேயே இடுப்போடு காய்த்தன. கோலப்பன் வீட்டுக்கும் ஒன்று கொண்டுபோனான். அவர்கள் சாப்பிடச் சொன்னார்கள். அன்றைக்குக் கை நனைத்தான். ஆனால் கடைசிவரை தலையை நிமிர்த்தவில்லை.

அந்த வெயில் காலம் தொட்டுத்தான் சுரைக்குடுக்கைக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கிறது, அது எந்த வண்டியிலும் தொங்கும். அன்று முதல்தான் சுரைப்பூ பகல் முழுக்கக் கூம்பிக்கிடந்து, பொழுது சாய்ந்து, தெருவில் கடைசி வண்டியும் மாட்டை அவிழ்த்த பிறகு விரிகிறது.