அருகம்புல் தவழப் போன கதை

அந்தக் காலத்தில், புல்லுக்குப் பேச்சும் குருவிக்குக் கேலியும் தெரிந்திருந்த காலத்தில், ஓர் அருகம்புல் ஏமாந்தது. எப்படி ஏமாந்தது என்று கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போது சிரிக்கக் கூடாது. முதலில் வீடு கட்ட வேண்டும், மண் கொட்ட வேண்டும், புல் நட வேண்டும். நட்ட புல் வேர் பிடிக்கவே ஏழெட்டு நாள் ஆகும். அதற்குள் சிரிப்புக்கு என்ன அவசரம்?

வீட்டைக் கட்டினவர்கள் செங்கோடனும் அவன் மனைவி நாச்சாயியும். கிடைத்தது பள்ளமான இடம். வண்டி வண்டியாகச் செம்மண் கொட்டி மேடாக்கி அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். வீடு லட்சணமாகத்தான் நின்றது. சுற்றிலும் கிடந்த புதுமண்தான் பொலபொலவென்று இருந்தது. ஐப்பசி மழை ஒன்று பிடித்தால் போதும், வாசல் கரைந்து வாய்க்காலில் போய்விடும். வாசல் போன வழியே வீடும் போகும்.

நாச்சாயி குளத்துக்கரைக்குப் போனாள். அன்றைக்கு அருகம்புல் இப்போது மாதிரி இல்லை. சோளத்தட்டு போல நெட்டுக்குத்தலாக, ஒரே வேரில் தலைநிமிர்ந்து நிற்கும். கண் கிடையாது. காது மட்டும் பாம்புச் செவி.

"ஏனுங்க அருகு, எங்கூட்டு வாசலுக்கு வர்றீங்களா? மண்ணைப் புடிச்சு நிறுத்தோணும்" என்றாள்.

"வந்தா எனக்கென்னங்க?"

"மழைக்கு முன்னால மண்ணை மூடிட்டீங்கன்னா அந்த வாசலே உங்களுக்குத்தான். இங்க மாதிரி எருமை வந்து உழப்பாது. தெனமும் தண்ணி."

பின்னால் நின்ற செங்கோடன் தொண்டையைச் செருமினான். "மூடாட்டி, புடுங்கி வெள்ளாட்டுக்குப் போட்டுட்டுக் கருங்கல்லைப் பாவிப்புடுவேன். இப்பவே சொல்லிப்புட்டேன்."

அருகுக்கு அடிவேர் வரை சில்லென்றது. ஆனாலும் வந்தது.

நாச்சாயி கல்லும் கட்டியும் பொறுக்கினாள். மண்ணைக் கொத்தி, மக்கிய எருவைத் தூவி, மட்டம் பார்த்து, சாணுக்கொரு துண்டாக வரிசை பிடித்து நட்டாள். குடத்தோடு ஊற்றினால் மண் அரிக்கும் என்று கையால் தெளித்தாள். இடையில் தலைகாட்டிய கோரையைக் கிள்ளி எறிந்தாள். செங்கோடனைக்கூட வாசல் பக்கம் விடவில்லை. பாவம், அவன் சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி பின்பக்கமாகவே போய்வந்தான்.

புல் குலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வார்த்த வீட்டார் கூப்பிட்டால், ஏன் என்று கேட்காமல் போக வேண்டும். கண் இல்லாத குலத்துக்குக் குரல்தானே ஆள்?

இது வாசல் வேப்பமரத்துக் கரிச்சான் குருவிக்குத் தெரிந்துபோயிற்று. வால் இரண்டாகப் பிரிந்து பத்து நாள்கூட ஆகாத விடலைக் குருவி அது. பருந்து மாதிரி கத்திக் கோழிகளைச் சிதறடிக்கும். பூனை மாதிரி கத்தி அணிலை மரமேற்றும். செங்கோடனின் செருமலைச் செங்கோடனைவிட நன்றாகச் செருமும்.

எட்டாம் நாள் காலை, கிழக்கேயிருந்து நாச்சாயியின் குரல் வந்தது. "அருகு! இங்க ஓடியாங்க! கெழக்கால மண்ணு சரியுதுங்க!"

அருகு பதறிப்போயிற்று. ஊன்றிய வேரை விட்டு எப்படி ஓடுவது? தலையைத் தரையில் சாய்த்தது, உடம்பை நீட்டியது, தவழ்ந்து தவழ்ந்து கிழக்கே போய்ச் சேர்ந்து, அங்கே மண்ணைப் பிடிக்க ஒரு வேரை இறக்கியது.

"க்ர்ஹும்! யாரு உன்னய அங்க போகச் சொன்னது?" மேற்கேயிருந்து செங்கோடன். "கெணத்தடிக்கு வா!"

அருகு திரும்பித் தவழ்ந்தது. கிணற்றடியில் ஒரு வேர். உடனே தெற்கே நாச்சாயி கூப்பிட்டாள். அங்கே ஒரு வேர்.

சாயங்காலம் தண்ணீர் தெளிக்க வந்தவளிடம் அருகு மூச்சு வாங்கக் கேட்டது. "காலைல கூப்பிட்டீங்களே, மண்ணு நின்னுதுங்களா?"

"நானுங்களா? நான் விடிஞ்சதும் சந்தைக்குப் போயிட்டு இப்பத்தான வர்றேன்!"

மனிதருக்கு மறதி அதிகம் போலிருக்கிறது என்று அருகு நினைத்துக்கொண்டது.

ஆனால் மறதிக்கும் ஒரு அளவு வேண்டாமா? கூப்பிட்டவளே "எதுக்குங்க வந்தீங்க?" என்றாள். வா என்றவனே "யார்ரா வரச் சொன்னது?" என்றான். ஒருநாள் நாச்சாயி கிழக்கேயும் கூப்பிட்டாள், மேற்கேயும் கூப்பிட்டாள், இரண்டுக்கும் நடுவே மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. நாச்சாயி இரட்டைப் பிறவியோ? அப்படியானால் செங்கோடனுக்கு எத்தனை மனைவி? அருகு தலையைச் சொறிந்துகொள்ளக் கை இல்லாமல் தவித்தது. எது கிழக்கு, எது மேற்கு, தன் தலை எங்கே, வால் எங்கே என்பதே அதற்கு மறந்துபோயிற்று. வேப்பமரம் மட்டும் காற்றே இல்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்தது. செங்கோடன் களைக்கொத்தோடு வாசலுக்கு வந்தான்.

"பாரு புள்ள! வரிசையா நட்டது எப்படிக் கெடக்குதுன்னு! நேரா நிக்கத் துப்பில்ல, இதா மண்ணைப் புடிக்கப் போகுது?"

"நீங்க கூப்பிட்டீங்க, வந்தேனுங்க" என்றது அருகு.

"நானா? பொய் வேற பேசுதா?"

குனிந்து ஒரு பிடி பிடித்து இழுத்தான். இந்தப் பக்கம் விட்டது, அந்தப் பக்கம் விடவில்லை. அந்தப் பக்கம் இழுத்தான், நடுவில் பிடித்துக்கொண்டது. காலை ஊன்றி மூச்சைப் பிடித்து இழுத்ததில் செங்கோடன்தான் மல்லாந்து விழுந்தான். விழுந்தவன் முகத்தில் முதல் துளி பட்டது.

கொட்டித் தீர்த்தது மழை. நாச்சாயி வீட்டுக்குள் நின்று வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நேரமும் தண்ணீர் சிவப்பாக ஓடும், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று காத்திருந்தாள். தண்ணீர் தெளிவாகவே ஓடியது.

மழை விட்டதும் வெளியே வந்து, நட்ட நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் புல்மேல் கால் வைத்தாள். ஒரு பிடி மண் நகரவில்லை.

அந்தப் பாதங்களின் சூட்டை அருகு உடம்பெல்லாம் உணர்ந்தது. "பெரிய மழைங்க" என்றது.

"ஆமாங்க சாமி" என்றாள் நாச்சாயி, தலைக்கு நேர் மேலே.

உடனே கிணற்றடியிலிருந்து நாச்சாயி கத்தினாள். "அருகு! இங்க ஓடியாங்க! மண்ணு கரையுதுங்க!"

அருகு பழக்கதோஷத்தில் தலையைத் திருப்பிவிட்டது. பிறகு நின்றது. பாதம் இங்கே இருக்கிறது. கூப்பாடு அங்கே இருக்கிறது.

"க்ர்ஹும்! சொன்னாக் கேக்க மாட்டியா?" என்று அதே கிணற்றடியிலிருந்து செங்கோடன் அதட்டினான். செங்கோடனோ புல்லுக்குப் பக்கத்திலேயே, "அடியே, அது ஏன்டி என்னய மாதிரியே பேசுது?" என்று முழித்துக்கொண்டிருந்தான்.

அப்படியானால் எட்டாம் நாள் காலையில் கூப்பிட்டது? தெற்கே கூப்பிட்டது? கிழக்கேயும் மேற்கேயும் ஒரே மூச்சில் கூப்பிட்ட அந்த இரட்டைப் பிறவி?

கிணற்றடியில் கரிச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் தன் சொந்தக் குரலிலேயே கீச்சென்றது. "அடேய் ரெட்டைவாலா!" என்று அருகு அலறியது. "எல்லாம் நீதானாடா!"

அன்று முதல்தான் அருகம்புல் கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு தவழ்கிறது. அன்று முதல்தான் அது யார் பேச்சையும் கேட்பதில்லை: வாசலை மூடு என்றால் பூப்பாத்திக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், நீங்களே நேரில் நின்று கெஞ்சினாலும் நம்பாது.