சிவப்பு நீக்கும் சொட்டு மருந்து

வெள்ளாற்றங்கரையில் ஒரு சிறிய மடம். அதன் தலைவி உமையாள் அம்மை. அவரைவிட இருபது வயது மூத்த சீடர் ஒருவர் அவருக்கு இருந்தார், பெயர் தணிகாசலம். பள்ளியில் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் பூங்கோதை இறந்து ஓராண்டு நிறையவிருந்தது.

அன்று காலை அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரே வந்து அமர்ந்த தணிகாசலத்தின் கண்கள் செக்கச்செவேலென்று இருந்தன.

"என்ன புலவரே, என்னோடு சண்டைக்கு வந்தீரா?"

"கோபமில்லை தாயே. மருந்தின் வேலை."

"எதற்கான மருந்து?"

"கண் சிவப்பைப் போக்குவதற்கு."

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கியது.

"கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன், தாயே. வெளியே வருமுன் இரண்டு சொட்டு விடுவேன். சிறிது நேரத்தில் கண் வெளுத்துவிடும். முதலில் ஒரு வேளை. கடைசியில் ஆறு வேளை ஆயிற்று."

"கண் மருத்துவரிடம் காட்டினீரா? என்ன சொன்னார்?"

"மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்குமாம். அதன் வேகம் தணிந்ததும் அவை முன்னிலும் அதிகமாக விரியுமாம். சில நாள்களுக்கு மேல் விட்டிருக்கவே கூடாதாம். எரிச்சலும் பார்வை மங்கலும் அதனால்தானாம். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாலும் தெளியச் சில வாரம் ஆகலாமாம்."

"நிறுத்திவிட்டீரா?"

"நேற்று நிறுத்தினேன். ஆனால் வெள்ளிக்கிழமை பூங்கோதையின் ஆண்டு நினைவு. அது முடிந்ததும் என் மனைவி வேதவல்லி தன் தம்பி வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வரமாட்டாளாம். இந்தக் கண்ணோடு எப்படி அவள் எதிரில் நிற்பேன்? அன்று ஒரு நாள் மட்டும் விட்டுக்கொள்ளட்டுமா?"

"ஏன் போகிறாராம்?"



"'பெற்ற மகளுக்காக ஒரு நாள்கூடக் கண் கலங்காத கல்லோடு இனிக் குடித்தனம் செய்ய முடியாது' என்றாள்."

"நீர் அழுததைச் சொல்லவில்லையா?"

"அவளே உடைந்து கிடக்கிறாள். நானும் உடைந்தால் யாரைப் பற்றிக்கொண்டு எழுவாள்?"

அம்மை கீரையை ஒதுக்கி வைத்தார்.

"மருத்துவர் சொன்ன தீமைகளை ஒரே சொல்லில் என்னவென்பார்கள்?"

"பக்க விளைவு."

"பொருள் சொல்லும்."

"பயனுக்குப் பக்கத்தில் விளைவது."

"உமது பக்கத்தில் இருந்தவருக்கு என்ன விளைந்தது, புலவரே?"

தணிகாசலத்தின் கண்கள் நிறைந்து வழிந்தன. அவர் துடைக்கவில்லை.