பூமியின் போர்வையும் பங்குனி ஆமையும்

அந்தக் காலத்தில், ஆமையும் நண்டும் நம்மைவிடத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த நாளில், பூமிக்கு நிலையான போர்வை கிடையாது. பாதி நாள் வெற்றுடம்போடு சூரியனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. சூரியன் கெட்டவன் என்று சொல்லவில்லை. அவனுக்கு ஓயாத தும்மல், அவ்வளவுதான். ஒவ்வொரு தும்மலுக்கும் அவன் உடம்பிலிருந்து ஒரு பொடி பறந்து வரும். கண்ணுக்குத் தெரியாது, கையில் ஒட்டாது. வெயில் என்றால் நிழலில் ஒதுங்கலாம், மழை என்றால் பொந்தில் நுழையலாம். இந்தப் பொடியோ ஓட்டைத் துளைக்கும், மண்ணைத் துளைக்கும், உள்ளே கிடக்கிற உயிரையும் துளைத்துவிட்டுப் போகும்.

அந்தப் பொடியால் அதிகம் அழுதவள் ஓட்டாயி என்கிற பங்குனி ஆமை. அழுதாளே தவிர, எதனால் அழுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. பாவம், பெரிய துன்பம் அதுதான்.

அப்போதெல்லாம் ஆமைகள் முட்டையிட்டவுடன் ஓடிவிடுவதில்லை. மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடி, மேலேயே படுத்துக்கொள்ளும். நாற்பத்தைந்து நாள், பட்டினியாக. குஞ்சு மணலைப் பிளந்து தலையை நீட்டும்போது தாயின் மூக்கு அங்கே இருக்க வேண்டும். முகர்ந்து பார்த்து, "நீ என் பிள்ளை" என்று சொல்லித்தான் கடலுக்கு அனுப்பும். அது அவர்கள் குல வழக்கம்.

ஓட்டாயி மூன்று வருஷம் படுத்துக் கிடந்தாள். மூன்று வருஷமும் ஒரு தலைகூட வெளியே வரவில்லை. தோண்டிப் பார்த்தால் முட்டைக்குள் கரு கருகிக் கிடந்தது. வெந்தது மாதிரியும் இல்லை, அழுகினது மாதிரியும் இல்லை. அவளுக்குப் பத்து முழம் தள்ளி, ஐம்பது நாள் கழித்து முட்டையிட்ட இன்னொருத்திக்கு மட்டும் நூறு குஞ்சும் பொரித்தன. அதே மணல், அதே வெயில், அதே கடல். ஓட்டாயிக்கு எதுவும் விளங்கவில்லை.

முதல் வருஷமே கரையில் வளை வைத்திருந்த நண்டிடம் கேட்டிருந்தாள்.

"ஆழம் பத்தாதுடி. நான் எவ்வளவு ஆழமா தோண்டுறேன் பாரு" என்றது நண்டு. அடுத்த வருஷம் ஆழமாகத் தோண்டினாள். பலன் இல்லை.

அதற்கடுத்து பூநாரையிடம் கேட்டாள். "சொறிமீனைத் தின்னுட்டு முட்டை போட்டா இப்படித்தான் ஆகும். வயித்தைக் காயப் போடு" என்றது பூநாரை. அதையும் செய்தாள். உடம்பு இளைத்ததுதான் மிச்சம். உபதேசம் சொல்ல யாருக்குத்தான் கசக்கும்!

ஒன்றை மட்டும் அவள் பார்த்திருந்தாள். அந்தக் கரையில் கருமணல் உண்டு. சில நாட்களில் அந்தக் கருமணல் பூனை முதுகு மயிர் மாதிரிச் சிலிர்த்து நிற்கும், சில நாட்களில் செத்துப் படுத்திருக்கும். பத்து முழம் தள்ளி இருந்தவளின் முட்டைகள் மண்ணுக்குள் இருந்தபோது கருமணல் சிலிர்த்தே நின்றது. தன்னுடையவை இருந்தபோது படுத்தே கிடந்தது. இதற்கும் அதற்கும் என்ன முடிச்சு என்று யோசித்து யோசித்து அவளுக்குத் தலை சுற்றியதுதான் கண்ட பலன்.

நான்காம் வருஷம் தை மாதம், வயிற்றில் மறுபடி முட்டை கட்டியபோது, ஆழ்கடலில் ஒரு விலாங்கைச் சந்தித்தாள். விலாங்கு பேச்சுவாக்கில் ஒன்று சொன்னது.

"பூமி வயித்துக்குள்ள ஒருத்தன் கொப்பரை வச்சுக் கிண்டிக்கிட்டே இருக்கான். அவன் கிண்டுனா என் முதுகெல்லாம் கூசுது. நிறுத்துனா கூச்சம் நின்னுடுது. என்ன எழவோ!"

"உன் முதுகு கூசுற அன்னிக்குக் கரையில மணல் சிலிர்க்குமோ?"

"நான் கரையைக் கண்டேனா? போய் அவனையே கேளு. அந்த வெடிப்பு வழியா நேரா கீழ."

ஓட்டாயிக்குப் பயம்தான். போகிற வழியில் செத்தாலும் செத்ததுதான். ஆனால் மறுபடியும் நாற்பத்தைந்து நாள் வெறும் மணலின் மேல் படுத்திருப்பதை நினைத்தபோது, அதைவிடச் சாவு சின்னதாகத் தெரிந்தது. வெடிப்புக்குள் நுழைந்தாள்.

உருகின இரும்புக்கு நடுவே ஆமை வெந்துபோகாதா என்று சிலர் கேட்பீர்கள். ஆமையும் நண்டும் பேசியபோது சும்மா கேட்டுக்கொண்டிருந்தீர்கள் அல்லவா, இதையும் அப்படியே கேளுங்கள்.

உள்ளே, மலை பெரிசு கொப்பரை. அதில் இரும்புக் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கொப்பரையன் என்கிற பூதம் ஒரு நீளக் கரண்டியால் அதைக் கிண்டிக்கொண்டிருந்தான். நாலு சுற்று இந்தப் பக்கம், கை வலித்தால் கரண்டியை மாற்றிப் பிடித்து நாலு சுற்று அந்தப் பக்கம், நடுவில் கொஞ்சம் தூக்கம்.

"யாரது? இங்க ஆளே வரமாட்டாங்களே. வா தங்கச்சி" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். தனியாகவே இருந்தவன்.

ஓட்டாயி தன் கதையைச் சொன்னாள். அவன் கிண்டிக்கொண்டே கேட்டான். கொஞ்ச நேரம் ஒரே பக்கமாக அவன் கிண்டியபோது, அவள் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வந்த கருமணல் சிலிர்த்து நின்றது. பக்கம் மாற்றினான், மணல் படுத்துவிட்டது.

"அண்ணே, ஒரே பக்கமா கிண்டினா என்ன ஆகும்?"

"வெளியில ஒரு போர்வை மாதிரி என்னமோ எழும்புமாம். நான் பார்த்ததில்ல. சூரியன் தும்முற பொடி அதுல பட்டு வழுக்கி அப்பாலே போயிடுமாம். எங்கப்பன் சொல்லியிருக்கான். பாகு கிண்டுற மாதிரிதான் இதுவும், பக்கம் மாத்தினா முறிஞ்சுடும்னு."

"பொடியா? என்ன பொடி?"

அவன் விவரம் சொன்னபோதுதான் அவளுக்குத் தும்மலும் பொடியும் தெரிய வந்தன. மூன்று வருஷத்துக் குழப்பத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கூடவே கோபமும் வந்தது.

"தெரிஞ்சுமா மாத்தி மாத்திக் கிண்டுற? என் பிள்ளைங்க எல்லாம் கருகிப் போச்சே, பாவி!"

கொப்பரையனின் முகம் சுருங்கிப் போனது. "வேணும்னேவா செய்றேன்? எந்தப் பக்கம் கிண்டிக்கிட்டிருந்தேன்கிறதே மறந்து போகுது தங்கச்சி. உங்களுக்கு மேல சூரியன் கிளம்புற பக்கம்னு ஒண்ணு இருக்கு. இங்க என்ன இருக்கு? நீயே சுத்திப் பாரு."

அவள் சுற்றிப் பார்த்தாள். பூமியின் நடு வயிறு அது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மேல்தான். கிழக்கு இல்லை, மேற்கு இல்லை. தான் எந்த வழியாக வந்தோம் என்பதே இப்போது அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

"என் தம்பி ஒருத்தன் செவ்வாயில கிண்டிக்கிட்டிருந்தான்" என்றான் கொப்பரையன், மெதுவாக. "அங்கேயும் கடல் இருந்துது. குழப்பம் தாங்காம கரண்டியைக் கீழ வச்சுட்டான். கொப்பரை உறைஞ்சு போச்சு, போர்வை போச்சு. சூரியன் பொடி அடிச்சு அடிச்சு அந்தக் கடலும் போச்சு, காத்தும் போச்சு. இப்ப வெறும் செம்மண்ணு. எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

ஓட்டாயி கொப்பரைக்கு இன்னும் நெருங்கி வந்தாள். முட்டை மட்டும் இல்லை, கடலே போய்விடுமா!

"சரி, நான் சொல்றேன். வலது பக்கமா கிண்டு."

அவன் கிண்டினான். "அய்யய்யோ, அது இடது!" என்று கத்தினாள். அவன் மாற்றினான். எதிரே நின்றவளின் வலது அவனுக்கு இடது என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. மாற்றி மாற்றிச் சண்டை போட்டார்கள். சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லைதான். மணல் சிலிர்ப்பதும் படுப்பதுமாக இருந்தது.

கடைசியில் அலுத்துப்போய், "பேச்சே வேணாம். நான் முன்னால சுத்தறேன், என் வாலைப் பார்த்துக்கிட்டே கரண்டியை இழு" என்று கொப்பரை விளிம்பில் நீந்தத் தொடங்கினாள். அவன் பின்னாலேயே இழுத்தான். பத்துச் சுற்று, நூறு சுற்று, ஆயிரம் சுற்று. ஓட்டில் இருந்த கருமணல் சிலிர்த்து நின்றது நின்றபடியே இருந்தது. வெளியே, வெகு தூரத்தில், பூமியைச் சுற்றிப் போர்வை எழும்பிவிட்டது. சூரியன் தும்மினான், பொடி வழுக்கிக்கொண்டு போனது.

அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனால் பங்குனி வந்துவிட்டது. வயிற்றில் முட்டைகள் முட்டின.

"நான் கரைக்குப் போகணும் அண்ணே."

கொப்பரையன் முகத்தில் கலவரம். "நீ போனா நான் எதைப் பார்த்துக் கிண்டுவேன்?"

"போகலைன்னா வயித்துக்குள்ளேயே செத்துடும்."

இருவரும் இன்னும் ஒரு நூறு சுற்று சுற்றினார்கள். பிறகு அவன், "கொஞ்ச நாளைக்குக் கை போன போக்குல சமாளிக்கிறேன். சீக்கிரம் வந்துடு" என்றான். வழி தெரியாதே என்று அவள் அழுதாள். அவன் கரண்டி நுனியிலிருந்து கடுகளவு இரும்பை எடுத்து அவள் நெற்றிக்குள் வைத்தான். "நான் கிண்டுற வரைக்கும் இது ஒரு பக்கமா இழுக்கும். அந்த இழுப்பைப் பிடிச்சுக்கிட்டே போ, வா. உன் முட்டைங்களுக்கும், உன் குலத்து முட்டைங்க எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒரு துளி வச்சிருக்கேன்."

அந்த இழுப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டாயி தன் கரைக்கே வந்து சேர்ந்தாள். ஒரு முழம்கூடத் தப்பவில்லை. குழி தோண்டினாள், நூற்றுப் பத்து முட்டையிட்டாள், மூடினாள். உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் குல வழக்கம் காலைப் பிடித்து இழுத்தது. இன்று ஒரு நாள் என்று படுத்தாள். மறுநாளும் இன்று ஒரு நாள் என்று படுத்தாள். பெற்ற வயிறு, என்ன செய்யும்?

ஒன்பதாம் நாள், நட்ட நடுப் பகலில், நெற்றிக்குள் இருந்த இரும்பு தள்ளாடியது. பிறகு ஒரு சுழற்சி சுழன்று நேர் எதிர்ப் பக்கமாக இழுக்கத் தொடங்கியது. சுற்றிலும் கருமணல் சரிந்து படுத்தது. கொப்பரையன் குழம்பிவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது.

போனால், குஞ்சுகள் வெளியே வரும்போது முகர்ந்து பார்க்க மூக்கு இருக்காது. இருந்தால், முகர்ந்து பார்க்கக் குஞ்சே இருக்காது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எங்கடி போற? இன்னும் முப்பத்தாறு நாள் இருக்கே! பிள்ளைங்களை யாரு கண்டுக்குவா?" என்று நண்டு பின்னால் கத்தியது.

ஓட்டாயி கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தாள். திரும்பிப் பார்த்தால் போகமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். திரும்பாமலே கடலில் இறங்கினாள்.

கீழே கொப்பரையன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு திகைத்துப் போயிருந்தான். "மாத்திட்டேன் தங்கச்சி. தூக்கக் கலக்கத்துல மாத்திட்டேன். மறுபடி பழைய பக்கத்துக்கே திருப்பட்டுமா?"

ஓட்டாயி யோசித்தாள். இந்தக் கதையிலேயே குழப்பமில்லாமல் அவள் யோசித்தது அந்த ஒரு தடவைதான்.

"வேணாம்! எந்தப் பக்கமா இருந்தா என்ன? இப்ப போற பக்கமே போ. இனிமே மாத்தாத, அது போதும்."

அவள் முன்னால் சுற்றினாள், அவன் பின்னால் இழுத்தான். படுத்த மணல் எழுந்து நின்றது.

எத்தனை காலம் சுற்றினாள் என்று அங்கே சொல்ல ஆள் இல்லை. மேலே அவள் குஞ்சுகள் பொரித்தனவா இல்லையா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. நடுவில் அவன் சில தடவை மறந்து பக்கம் மாற்றத்தான் செய்தான். பூதம்தானே. பிறகு விலாங்கு சொல்லிக் கேட்டு வேறொரு ஆமை முறை மாற்ற வந்ததும், ஓட்டாயி நெற்றி இழுப்பைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள்.

அது ஒரு பங்குனி. கரையெல்லாம் ஆமைகள் முட்டையிட ஏறிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பக்கத்தில் ஓர் இளம் ஆமை மூச்சு வாங்கிக்கொண்டு குழி தோண்டியது. முதல் பிரசவம் போலிருந்தது.

"யாரு பிள்ளைம்மா நீ?" என்று கேட்டாள் ஓட்டாயி.

"தெரியாதுங்க அத்தை. வெளிய வந்தப்ப யாரும் இல்ல. ஆனா இந்தக் கரைதான் என் கரைன்னு உள்ள ஏதோ இழுத்துச்சு, வந்துட்டேன்."

ஓட்டாயி அதை முகர்ந்து பார்த்தாள். உப்பு வாசனைதான் வந்தது. தன்னுடையதா, அடுத்தவளுடையதா? இன்னொரு தரம் முகர்ந்தாள். அதற்குள் அந்த இளம் ஆமை முட்டையிட்டு முடித்து மண்ணைத் தள்ளிவிட்டு, "வர்றேன் அத்தை" என்று சொல்லிக் கடலுக்குப் போய்விட்டது.

அன்று முதல்தான், சூரியன் எவ்வளவு தும்மினாலும் மணலுக்குள் கிடக்கிற முட்டை கருகுவதில்லை. அன்று முதல்தான், எந்தக் கடலில் விட்டாலும் தன் கரைக்கு வழி கண்டுபிடித்து வந்துவிடுகிற பங்குனி ஆமைக்கு, பக்கத்திலேயே நின்றாலும் தன் பிள்ளை எது என்று தெரிவதில்லை.