ரோஸ் கலர் வீட்டுக் கல்யாணம்

மூளையை எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருப்பவர்கள் நிறைந்த ஊர் அசமந்தூர். அங்கே பெயிண்ட் மேஸ்திரி கொண்டல்சாமியிடம் இசக்கி, தங்கையா என்று இரண்டு பேர் வேலை பார்த்தார்கள்.

ஒரு காலத்தில் இசக்கி காய்ச்சலில் படுத்ததற்கே, "வீட்டுல கிடக்கிறவன் மனுசனாலே?" என்று கத்தியவர்தான் மேஸ்திரி. கொரோனா வந்தது. அவருடைய மருமகன் வீட்டிலேயே கைலியோடு உட்கார்ந்து ஐடி வேலை பார்த்து, காரும் வாங்கிவிட்டார். மேஸ்திரிக்கு ஞானம் பிறந்தது.

"இனிமே நமக்கும் வீட்டுல இருந்துதான் வேலை. வெளியே போய் வேலை பார்க்கிறவன் பட்டிக்காட்டான்" என்று அறிவித்தார்.

அந்த நேரம் பார்த்து பொன்னம்பல அண்ணாச்சி தம் வீட்டுக்கு ரோஸ் கலர் அடிக்கச் சொன்னார். மகள் செல்வக்கனிக்கு அந்த வீட்டில்தான் கல்யாணம். "ஊருக்கே ஒரே ரோஸ் கலர் வீடு, நேரா வந்துருங்க" என்று மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லிவிட்டு, பத்திரிகை வைக்க வெளியூர் போய்விட்டார்.

தங்கையாவுக்குச் சந்தேகம். "அண்ணாச்சி வீட்டுச் சுவரு அங்க இருக்கே மேஸ்திரி? பிரஷ் எட்டாதே."

"என் மருமகன் அமெரிக்காவுக்கு வேலை பார்க்கிறான். அமெரிக்காவா இங்க வருது?"

"அப்ப நம்ம சுவத்துலயே அடிச்சிரலாம். கலர் மட்டும் அண்ணாச்சி சொன்னதா இருக்கணும்" என்றான் இசக்கி.

அப்படியே இசக்கி வீட்டுக்கு அடித்து, சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அண்ணாச்சி 'பிரமாதம்' என்று பதில் போட்டார். பாவம், கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து பாசி படிந்த தன் சுவரைப் பார்த்ததும் அழுதேவிட்டார்.

மறுநாள் மாப்பிள்ளை குலசேகரனின் வேன் நேராக இசக்கி வீட்டு வாசலில் நின்றது. மேஸ்திரி பன்னீர் தெளித்து உட்கார வைத்தார். முகூர்த்தம் முடியப்போகிறது. விஷயம் தெரிந்து இசக்கியின் போனில் அண்ணாச்சி வீடியோ காலில் வந்து கதறினார்.

"என் மக வாழ்க்கைய்யா! மாப்பிள்ளைய உடனே இங்க கூட்டிட்டு வாங்க!"

"வெளியே போயா? இந்தக் காலத்துலயா?" என்று மேஸ்திரி முகம் சுளித்தார்.

மாப்பிள்ளையும் தலையாட்டினார். "நான் என் மேனேஜரையே நேர்ல பார்த்ததில்ல. எல்லாம் இங்கிருந்தே முடிச்சிரலாம்."

திரையில் செல்வக்கனி தலை குனிந்தாள். மாப்பிள்ளை போனைச் சுற்றி மூன்று முடிச்சும் போட்டார்.

"கழுத்துல ஒண்ணும் வரலியே?" என்றாள் செல்வக்கனி.

"டவர் கம்மி தாயி. குனிஞ்சே இரு, வந்துரும்" என்றான் தங்கையா.

இசக்கிக்குத்தான் பெரிய கவலை. "தாலி ஏறின போனை இனி நான் எப்படித் தொடுறது?"

போனுக்குச் சொந்தக்காரன்தானே பெண்ணைப் பெற்றவன் என்று மாப்பிள்ளை சட்டென்று அவன் காலில் விழுந்தார். "இனி நான் பார்த்துக்கிறேன் மாமா" என்று போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பைக்குள்ளிருந்து செல்வக்கனி அலறினாள்: "அப்பா, இங்க கரண்ட் போயிருச்சு!"