அல்போன்ஸ் பக்கம் திரும்பிய காது

தங்கப்பழம் தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றபின், வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களுடன் பேசும் அமெச்சூர் ரேடியோ கற்றவர். கற்றுக்கொடுத்த மெஹருன்னிசா அவரைவிட மிகவும் இளையவள். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

அவர் வரச்சொன்னதும் அவள் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வால்பாறைக்கு வந்தாள்.

"செட்டுக்குக் காது போயிடுச்சு டீச்சர். பேசுற எல்லாரும் வாத்து மாதிரி கத்துறாங்க. ஒரு வார்த்தை புரியல. நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

"எடுத்துட்டுப் போனா காலையில யார்கூடப் பேசுவீங்க?"

வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றார்.

"என்னென்ன பார்த்தீங்க?"

"ஆன்டெனா கம்பியை மாத்தினேன். கேபிள் புதுசு. முனையெல்லாம் ஈயம் வச்சு மறுபடி பத்த வச்சேன். இரைச்சல் வருமோன்னு வீட்டு பல்பைக்கூட அணைச்சுட்டு உக்காந்து கேட்டேன்."

"நீங்க பேசுறது அவங்களுக்கு?"

"தெளிவாக் கேக்குதாம்."

அவள் செட்டைத் திறக்கவில்லை. அவர் தந்த தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"தேயிலைக் காட்டுக்குள்ள இருந்துட்டு டீயை இப்படிப் போடுறீங்களே அண்ணே."

அவர் லேசாகச் சிரித்தார்.

"கடைசியா யார் குரல் தெளிவாக் கேட்டுச்சு?"

"அல்போன்ஸ். மண்டபம் ஊர்க்காரர். தினம் காலையில ரேடியோவில வருவார்."

"அவர் செட்டு எப்படி?"

"அவரே செஞ்சது. சொன்ன அலைவரிசையில நிக்காது, கொஞ்சம் மேல ஏறிக்கும். நான் பேசுறதை அப்படியே வச்சுட்டு, கேக்குறதை மட்டும் அவர் பக்கம் நகர்த்திக்குவேன். அதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கே..."

செட்டைத் திரும்பிப் பார்த்தார்.

அல்போன்ஸ் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அவருடைய மகள்தான் போனில் சொன்னாள்.

அந்தப் பட்டனுக்கு மேல் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செட்டு இன்னும் அல்போன்ஸ் பக்கமே கேட்டுக்கொண்டிருந்தது; சரியான அலைவரிசையில் பேசியவர்களின் குரல்தான் வாத்துக் குரலாகியிருந்தது.

"ரேடியோ லைசென்ஸ் பரீட்சையில இந்தக் கேள்விக்கு சரியா எழுதினவர் நீங்க," என்றாள்.

"மரத்துல ஏறிக் கம்பியெல்லாம் பார்த்தேன் டீச்சர். இதை மட்டும் பார்க்கல."

அவள் பட்டனுக்குக் கையை நீட்டவில்லை. மீதித் தேநீரையும் மெதுவாகக் குடித்தாள். டம்ளர் காலியான பிறகுதான் அவர் குனிந்து பட்டனை அழுத்தினார்.

வாத்துக் குரல் மனிதக் குரலானது. சேலத்திலிருந்து யாரோ பேசிக்கொண்டிருந்தார். வால்பாறையில் மழையா, தங்கப்பழம் சார் இருக்கிறாரா என்று கேட்டார்.

மைக்கை எடுத்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

"இப்ப அல்போன்ஸ் வந்தா எனக்குக் கேக்காதே டீச்சர்."

"வந்தா அவர் பக்கம் நகர்த்திக்கலாம் அண்ணே. சேலத்துக்காரர் மறுபடியும் கூப்பிடுறார்."