மயிலின் மகிழ்ச்சியைத் திருடியவன்

வெகு காலத்துக்கு முன்னால் வெண்குன்ற நாட்டை வில்லவராயன் என்று ஓர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எதையும் பார்த்தவுடன் ஆசைப்படுவான், ஆசைப்பட்டவுடன் ஆணை போடுவான்.

அவன் சபையில் பூபதிராயர் என்று ஒரு பிரபு. அமைச்சர் அம்பலவாணர் பேசினால் சபை சிரிக்கிறதே, நாம் பேசினால் கொட்டாவி விடுகிறதே என்று அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். கடல் தாண்டி வந்த வணிகனிடம் ஒரு பித்தளை மயிலை வாங்கி, பட்டுத் துணி மூடி, சபைக்குக் கொண்டுவந்தார். சாவியை முறுக்கிவிட்டால் மயில் தோகை விரிக்கும், மூன்று சுற்று சுற்றும், இரண்டு முறை அகவும்.

அரசன் சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!"

"அரசே, இப்படி ஓர் அதிசயம் இருக்கும்போது, குடிமக்கள் இன்னும் தரையில் கோடு கிழித்துக் கல்லை உருட்டிக்கொண்டிருப்பது நம் நாட்டுக்கு அழகா?" என்றார் பூபதிராயர்.

"அழகில்லை!" என்றான் அரசன். தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி எதுவும் இனி கூடாது என்று அன்று மாலையே முரசு அறைந்தார்கள்.

முதல் நாள் அரசன் மயிலுக்கு ஐம்பது முறை சாவி கொடுத்தான். மறுநாள் பத்து முறை. நான்காம் நாள் மயில் இரண்டாவது சுற்றில் இருக்கும்போதே அவனுக்குக் கொட்டாவி வந்தது. திடுக்கிட்டுப் போனான்.

"இது அதே மயில்தானே?"

"அதேதான் அரசே," என்றார் பூபதிராயர்.

"நானும் அதே அரசன்தானே?"

சபை முழுவதும் வேகமாகத் தலையாட்டியது.

"பிறகு முதல் நாள் வந்த மகிழ்ச்சி எங்கே போயிற்று?" வைத்தியரை அழைத்தான். அவர் அரசனின் நாடியைப் பார்த்தார். அரசன் சொன்னான் என்று மயிலின் காலையும் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை.

தன் பரிசுக்குக் கெட்ட பேர் வந்துவிடுமே என்று பூபதிராயர் முந்திக்கொண்டார். "மகிழ்ச்சியை யாரோ திருடிவிட்டார்கள் அரசே! மயிலைத் துடைத்து வைக்கும் மாடப்பனைத் தவிர வேறு யார் அதைத் தொடுகிறார்கள்?"

மாடப்பன் சிறைக்குப் போனான். வெள்ளிக்கிழமைக்குள் மகிழ்ச்சியைத் திருப்பித் தராவிட்டால் நாடு கடத்தல் என்று தீர்ப்பு. பாவம், அவன் தன் இடுப்புத் துணியை உதறிக் காட்டினான். "ஐயா, அது எந்த அளவில் இருக்கும்? என்ன நிறம்? சொன்னால் தேடித் தருகிறேனே!"

அம்பலவாணர் எழுந்தார். "அரசே, விசாரணையை என்னிடம் விடுங்கள்."

வெள்ளிக்கிழமை காலை ஆயிற்று. அமைச்சரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அரசன் பொறுமை இழந்து, பூபதிராயரோடு சிறைக்கே போனான். உள்ளே அமைச்சரும் கைதியும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கரிக்கோடு. மூன்று கூழாங்கல் புலிகள், பதினைந்து புளியங்கொட்டை ஆடுகள்.

"அமைச்சரே! நான் தடை செய்த ஆட்டமல்லவா இது?"

"விசாரணை நடக்கிறது அரசே. நான் ஜெயித்தால் மகிழ்ச்சி இருக்கும் இடத்தைச் சொல்வதாக இவன் ஒப்புக்கொண்டிருக்கிறான். நானும் காலையிலிருந்து தோற்றுக்கொண்டே இருக்கிறேன்."

மாடப்பன் விழித்தான். அப்படி அவன் எப்போது ஒப்புக்கொண்டான்?

"ஒரு கைதியிடம் என் அமைச்சர் தோற்பதா? தள்ளும் ஐயா!" அரசன் புலிகளின் பக்கம் உட்கார்ந்தான்.

அரசனை ஜெயித்தால் தலை போகுமா, தோற்றால் நாடு போகுமா என்று தெரியாமல் மாடப்பன் ஒரு கொட்டையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். "பயப்படாதே, உள்ளபடி ஆடு," என்றார் அமைச்சர்.

அவன் உள்ளபடி ஆடினான். அரசன் இரண்டு ஆடுகளை வெட்டினான். அவ்வளவுதான், மூன்று புலிகளும் அடைபட்டன.

"மறுபடியும்!" என்றான் அரசன். மறுபடியும் அடைபட்டான். சாப்பாடு வந்து ஆறிப்போனது. படைத்தலைவர் ஓலையோடு வந்து நின்று பார்த்து, "அரசே, அந்த இடது புலியை..." என்று தொடங்க, "வாயை மூடும்!" என்று ஒரு சத்தம். நான்காவது ஆட்டத்தில் ஒரு புலி தாவியது, இன்னொன்று தாவியது. ஆடுகள் ஏழுக்குக் குறைந்ததும், இனி புலிகளை அடைக்க முடியாது என்று மாடப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். அரசன் கிரீடம் சரிய எழுந்து நின்று, "ஆகா! மாட்டினாயா!" என்று கூவினான்.

பிறகுதான் நினைவு வந்தது. "ஜெயித்துவிட்டேன். சொல், என் மகிழ்ச்சி எங்கே?"

அமைச்சர் குறுக்கிட்டார். "இப்போது சிறை அதிரக் கூவினீர்களே அரசே, அது என்ன?"

அரசன் மயிலை நினைத்தான். புளியங்கொட்டைகளைப் பார்த்தான். "அது பித்தளை, வேலைப்பாடு... இது வெறும் கொட்டை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை அம்பலவாணரே."

"சாவி கொடுத்த பிறகு மயிலுக்கு நீங்கள் தேவையில்லை. எழுந்து போனாலும் அது மூன்று சுற்றுதான் சுற்றும். இந்தப் புலி நீங்கள் நினைக்காமல் ஓரடி நகராது. எதிரே இருப்பவன் என்ன நினைக்கிறான் என்பதோ ஆண்டவனுக்கே தெரியாது."

"கொட்டைக்கு இவ்வளவு பேச்சா? என் மயிலை ஆயிரம் முறை பார்த்தாலும் அலுக்காது!" என்றார் பூபதிராயர்.

"நல்லது. நூறு முறை போதும்," என்றான் அரசன். "மயிலை இங்கேயே கொண்டுவரச் சொல்கிறேன், உட்காரும். ஒவ்வொரு முறையும் 'ஆகா' என்று சொல்லவேண்டும். மனதாரச் சொல்லவேண்டும்."

இருபத்தேழாவது 'ஆகா'வில் பூபதிராயர் அழுகிற குரலில், "மாடப்பன் எதையும் திருடவில்லை அரசே, என்னை விட்டுவிடுங்கள்," என்றார். காவலர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தடை நீங்கியது. அமைச்சருக்கு அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். மாடப்பனுக்குப் பட்டாடை கொடுத்து, "நீ விடுதலை!" என்றான்.

மாடப்பன் கும்பிட்டுவிட்டு வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்தான்.

"எங்கே போகிறாய்? உட்கார். இந்தத் தடவை ஆடு எனக்கு, புலி உனக்கு."

கையில் பட்டாடையோடு, இது விடுதலையா தண்டனையா என்று புரியாமல் மாடப்பன் மறுபடியும் சிறைக்குள் உட்கார்ந்தான்.